மிகையடைவு: பயிற்றுநரை எதை வைத்து அளப்பது?

மட்டக்களப்பு வெபர் மைதானத்துப் படிக்கட்டோ, கல்முனைத் தேநீர்க் கடையோ, இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் பிறீமியர் லீக் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு சொல் தப்பாமல் வந்துவிடுகிறது: ஓவர் அச்சீவ், எதிர்பார்த்ததைவிடக் கூட அடைவது. "அந்த மனிசன் ஓவர் அச்சீவ் பண்ணிட்டார்" என்பார் ஒருவர். "இந்தாள் இருக்கும் மட்டும் கிளப் முன்னேறாது" என்று இன்னொரு பயிற்றுநரை இழுப்பார் மற்றவர். தொலைக்காட்சி வர்ணனையாளர்களிடம் நாம் இரவல் வாங்கிய சொல் இது. அவர்களும் அதை இரவல்தான் வாங்கியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து.

'அச்சீவ்' பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஒரு காரியத்தைத் தலைக்குக் கொண்டுவருவது, அதாவது முடித்துவைப்பது, என்பதுதான் அங்கே பொருள். உள்ளே ஒளிந்திருப்பது தலையைக் குறிக்கும் 'கபுட்' என்ற லத்தீன் சொல். நம்மிடமும் 'தலைக்கட்டுதல்' என்று ஒன்று உண்டு. நிறைவேற்றி முடித்தல் என்ற பொருளில் வைணவ உரைகளில் வரும். இரண்டுக்கும் உறவு கிடையாது, நினைப்பு மட்டும் ஒன்றாகப் போயிருக்கிறது.

'ஓவர்' அதன்மேல் ஏறியது 1950களில். அமெரிக்கக் கல்வி உளவியலாளர்கள் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுச் சோதனை வைத்து, இந்தப் பிள்ளை வகுப்பில் இவ்வளவு புள்ளி எடுக்கும் என்று கணித்தார்கள். கணித்ததைவிடக் கூட எடுத்தால் 'ஓவர் அச்சீவர்', குறைய எடுத்தால் 'அண்டர் அச்சீவர்'. அதாவது அந்தச் சொல் புள்ளியைச் சொல்லவில்லை. கணிப்புக்கும் கிடைத்த புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்கிறது. தொண்ணூறு எடுத்த பிள்ளை குறைய எடுத்ததாகவும் ஐம்பது எடுத்த பிள்ளை கூட எடுத்ததாகவும் ஆகலாம். கணிப்பே பிழையாக இருந்தால்? அந்தக் கேள்வியை அப்போதே சிலர் கேட்டார்கள். கணக்கின் பிழையைப் பிள்ளையின் குணமாக எழுதிவைக்கிறோமே என்றார்கள். இன்றைக்கு உதைபந்தாட்டப் பயிற்றுநர்களைப் பற்றி நடக்கும் சண்டையில் பாதி அந்தப் பழைய சண்டைதான்.

சரி, தமிழில் என்ன? 'மிகைச்சாதனை' என்று எழுதிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. நம் விளையாட்டுப் பக்கங்களில் சாதனை என்றால் முந்திய பதிவை முறியடிப்பது. பதினேழாம் இடத்துக்குரிய அணி பத்தாம் இடத்துக்கு வருவதை யாரும் சாதனை என்று பலகையில் எழுதுவதில்லை. நம் ஆசிரியர்களிடம் நல்ல சொல் தயாராகவே இருக்கிறது: அடைவு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறைக்குள் போனாலும் 'அடைவு மட்டம்' என்ற சொல் காதில் விழும். தவணைப் பரீட்சை முடிந்தால் அடைவு மட்டம், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தால் அடைவு மட்டம். ஆக, மிகையடைவு, குறையடைவு. மூலச்சொல் எந்த வீட்டில் பிறந்ததோ அதே வீட்டுத் தமிழ்.

ஒரே ஒரு சங்கடம், நம் பக்கத்தில் நகையைக் கொண்டுபோய் வைத்துப் பணம் எடுப்பதற்கும் அடைவு என்றுதான் பெயர். 'மிகையடைவு பெற்ற கழகம்' என்றால் அளவுக்கு மிஞ்சி நகை வைத்த கழகம் என்று யாராவது சிரிக்கலாம். சில கழகங்களின் கடன் கணக்கைப் பார்த்தால் அதுவும் பொருந்தத்தான் செய்கிறது.

அடைவு என்ற சொல்லை ஆசிரியர்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். படுவான்கரையில் உட்கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாதிப் பிள்ளைகள் சாதாரண தரத்தில் சித்தியடைந்தால் அந்த அதிபரைப் பாராட்டுவார்கள். நகரத்தில் பெயர்பெற்ற கல்லூரியில் அதே பாதி வந்தால் விசாரணைதான். கணிதத்துக்கு ஆசிரியர் இருந்தாரா, பிள்ளைக்கு டியூஷன் உண்டா, பஸ் வருமா என்பதெல்லாம் அந்தத் தீர்ப்புக்குள் சொல்லாமலே கணக்காகிவிடுகின்றன. எதை வைத்துத் தொடங்கினார் என்பது தெரியாமல் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று பேசிப் பயனில்லை.

உதைபந்தாட்டத்தில் அந்தத் தொடக்கம் பெரும்பாலும் சம்பளம். கழகம் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்த ஊதியத்தை வரிசைப்படுத்தினால், பல ஆண்டுச் சராசரியில் லீக் பட்டியலின் வரிசையும் ஏறக்குறைய அப்படியே வருகிறது. இங்கிலாந்துக் கழகங்களின் கணக்குகளை வைத்து இதைக் காட்டியவர் பொருளியலாளர் ஸ்டெஃபான் சிமான்ஸ்கி. நீண்டகால வேறுபாட்டில் பத்தில் ஒன்பது பங்கை ஊதியமே விளக்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. பயிற்றுநருக்கு மிஞ்சுவது மீதி ஒரு பங்கு. அதிலும் காயம், நடுவர், அதிர்ஷ்டம் எல்லாம் பங்கு கேட்கும். ஆனால் ஒரு பருவத்தை மட்டும் தனியே எடுத்தால் கதை வேறு. அங்கே ஊதிய வரிசை நன்றாகவே குலையும். நம் வாக்குவாதம் எப்போதும் அந்த ஒரு பருவத்தைப் பற்றியதாக இருப்பதுதான் சிக்கல்.

2015–16இல் லெஸ்டர் சிற்றி சம்பியன் ஆனது. பருவம் தொடங்கும்போது பந்தயக்காரர்கள் அதற்குக் கொடுத்த விலை 5000க்கு 1, அதாவது ஒன்று கட்டினால் ஐயாயிரம். பயிற்றுநர் கிளாடியோ ரனியேரி. லெஸ்டரின் ஊதியம் சுமார் 8 கோடி ஸ்டேர்லிங் பவுண். அதே பருவத்தில் 22 கோடிக்கு மேல் கொடுத்த செல்சி பத்தாம் இடத்தில் நின்றது. மிகையடைவுக்கும் குறையடைவுக்கும் இதைவிடச் சுத்தமான சோடி கிடைக்காது. மறுகா? ஒன்பது மாதத்தில் ரனியேரியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2017 பெப்ரவரியில் லெஸ்டர் பதினேழாம் இடத்தில், கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கும் இடத்துக்கு ஒரு புள்ளி மேலே நின்றது. செல்சியோ அந்தோனியோ கொன்ரேயின் கீழ் 93 புள்ளியோடு சம்பியன். அப்படியானால் ரனியேரிக்கு மூளை மழுங்கி, செல்சிக்கு மட்டும் புதிதாக முளைத்ததா? இடையில் ஒரு ஆள் வீடு மாறியிருக்கிறார்: நடுக்களத்தில் லெஸ்டருக்காகப் பந்தைப் பறித்துக்கொண்டிருந்த என்கோலோ காண்டே, 2016 கோடையில் செல்சிக்குப் போனார். கொன்ரே மூன்று பின்களக்காரர்களோடு ஆடும் முறைக்கு மாறியதும் உண்மைதான். அந்தப் பருவம் ஐரோப்பியப் போட்டி இல்லாமல் செல்சிக்கு வார நடுவில் ஓய்வு கிடைத்ததும் உண்மைதான். இதில் எந்தப் பங்கு பயிற்றுநருடையது என்று பிரித்துச் சொல்ல வருகிறவரிடம் நான் அவ்வளவு சுலபமாக ஏமாறமாட்டேன்.

நட்சத்திரம் போனால் அணி விழும் என்று விதியாக எழுதவும் முடியாது. எவர்ட்டன் 2003–04இல் 39 புள்ளியோடு பதினேழாவது. அந்தக் கோடையில் வெய்ன் ரூனியை மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு விற்றார்கள். அடுத்த பருவம் 61 புள்ளி, நாலாம் இடம். இரண்டு பருவத்துக்கும் பயிற்றுநர் டேவிட் மொயஸ்தான். அவரை மேதை என்று சொல்லப் புறப்படுமுன் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும்: நாலாவதாக வந்த அந்த அணி 45 கோல் அடித்து 46 வாங்கியிருந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் பல ஆட்டங்களை வென்று, சிலவற்றில் மொத்தமாக வாங்கிக் கட்டிக்கொண்டால்தான் இப்படி வரும். அடுத்த பருவம் அவர்கள் பதினோராவது. ஆனால் மொயஸின் பதினொரு பருவங்களையும் சேர்த்து வைத்தால் ஒன்பதில் முதல் எட்டுக்குள் முடித்திருக்கிறார். அந்த நாலாம் இடத்தைவிட இந்தச் சலிப்பான எட்டாம், ஏழாம் இடங்களில்தான் அவருடைய உண்மையான மிகையடைவு இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

சில வேளை ஆளின் பங்கு கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். 2022–23இல் அஸ்டன் வில்லா முதல் 13 ஆட்டத்தில் 12 புள்ளி. புதிய பயிற்றுநராக உனாய் எமெரி வந்தார். மீதி 25 ஆட்டத்தில் 49 புள்ளி, ஏழாம் இடம். பெரும்பாலும் அதே வீரர்கள், அதே சம்பளம். இதையும் வெறும் அதிர்ஷ்டம் என்பவர் பிடிவாதக்காரர். ஆனாலும் பயிற்றுநரை மாற்றினாலே அணி நிமிரும் என்று இதிலிருந்து சட்டம் எழுதக் கூடாது. நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் தன் நாட்டு லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்ததை எடுத்தார். தோல்வி தொடர்ந்ததும் பயிற்றுநரை நீக்கிய கழகங்களையும், அதே அளவு தோற்றும் நீக்காமல் வைத்திருந்த கழகங்களையும் ஒப்பிட்டார். இரண்டுமே பிறகு ஒரேமாதிரித்தான் மீண்டன. பள்ளத்தில் கிடந்தது மேலே வரும் நேரத்தில் யார் கதிரையில் இருந்தாரோ அவருக்கு மாலை.

'மேனேஜர்' என்ற சொல்லும் குழப்பத்துக்குத் துணைபோகிறது. இத்தாலியத்தில் குதிரையைக் கையாளுவதற்கு இருந்த வினைச்சொல்லில் பிறந்தது. அடியில் லத்தீனின் கை. நமக்கு முகாமையாளர் என்றால் வங்கியில் கண்ணாடி அறைக்குள் இருப்பவர். முகாமை என்பது தலைமையைக் குறிக்கும் பழைய சொல். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் வீரரை வாங்குவது, விற்பது, ஆட்டுவிப்பது எல்லாம் அவர் கையில் என்று ஒரு காலம் இருந்தது. இப்போது பல கழகங்களில் அவர் தலைமைப் பயிற்றுநர் மட்டுமே. வாங்குகிறவர் வேறொரு அறையில் இருக்கிறார். 2024இல் ரூபன் அமொரிம் மான்செஸ்டர் யுனைட்டட்டுக்கு வந்தது அந்தப் பதவிப் பெயரோடுதான். அந்தப் பருவம் அணி பதினைந்தாம் இடம். இங்கிலாந்திலேயே கூடுதலாகச் சம்பளம் கொடுக்கும் கழகங்களில் ஒன்றுக்கு அது குறையடைவு, சந்தேகமே இல்லை. ஆனால் யாருடைய குறையடைவு? பயிற்றுநர் என்று எழுதுவதா முகாமையாளர் என்று எழுதுவதா என்பது இங்கே வெறும் நடைப் பிரச்சினை இல்லை, பொறுப்புப் பிரச்சினை.

அதனால் 'கழகத்தைப் பின்னுக்கு இழுக்கிறார்' என்பதற்குக் குறையடைவு என்று போட்டுவிடக் கூடாது. அதற்குத் தமிழில் முட்டுக்கட்டை இருக்கிறது. குறையடைவு பட்டியலில் தெரியும் விளைவு. முட்டுக்கட்டை அதற்குக் காரணமானவர். ஒன்று தெரிகிறது என்பதற்காக மற்றதை முடிவுகட்ட முடியாது. கிரஹாம் பொற்றரின் பிரைட்டன் 2020–21இல் 41 புள்ளியோடு பதினாறாவது. பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் முட்டுக்கட்டை. உருவாக்கிய வாய்ப்புகளின் தரத்தை எண்ணும் 'எதிர்பார்க்கப்படும் கோல்' கணக்கில் அணி மிக மேலே நின்றது. பந்துதான் உள்ளே போகவில்லை. மறுபருவம் 51 புள்ளி, ஒன்பதாம் இடம். அதைப் பார்த்துக் கூப்பிட்ட செல்சியில் அவர் ஏழு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்பது தனிக் கதை.

நம் ஊர்க் கழகங்களுக்கு இந்தச் சொற்களைக் கொண்டுவருவது கொஞ்சம் சிரமம். சித்திரைப் புத்தாண்டு, கோயில் திருவிழா, பெருநாள் என்று நடக்கும் விலகல் முறைச் சுற்றுப்போட்டியில் ஊதியப் பட்டியல் ஏது? பயிற்றுநர் என்பவரே காலையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை இரவல் வாங்கி, வான்காரரிடம் வாடகை பேசி, பிந்தி வரும் பொடியனைப் படுக்கையிலிருந்து எழுப்பிக்கொண்டு வருபவர். முகாமையாளர் என்ற பட்டம் முழுசாகப் பொருந்துவது அவருக்குத்தான். ஒரு தண்ட உதை கம்பத்தில் பட்டுத் திரும்பினால் போட்டியே முடிந்துவிடும், அதில் அவரை அளக்க ஒன்றுமில்லை. அளக்க வேண்டுமென்றால் போன வருடம் எத்தனை பேர் பயிற்சிக்கு வந்தார்கள், இந்த வருடம் எத்தனை பேர் என்று பார்க்கலாம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 'ரனியேரி மிகையடைவு பெற்றார்' என்று மொட்டையாக எழுதினால் வாக்கியம் நொண்டுகிறது. 'ஊதியத்தை மிஞ்சிய அடைவு', 'வாய்ப்புகளுக்குக் குறைந்த அடைவு' என்று எதை மிஞ்சியது, எதற்குக் குறைந்தது என்பதையும் சேர்த்து எழுதலாம். பேச்சில் அதுவும் வேண்டாம். 'பலத்துக்கு மிஞ்சி ஆடுறாங்கள்' என்றால் ஏறாவூரிலும் விளங்கும், அக்கரைப்பற்றிலும் விளங்கும்.