பெரிய மரக்கிண்ணம் கடைய வீட்டிலேயே லேத்: குதிரைத்திறனுக்கு முன் கேட்க வேண்டியது

மரக்கிண்ணம் கடைய லேத் கட்டப்போகிறேன் என்று படம் போட்டு எடுத்து வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம்?" புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் என் பட்டறைக்கு லேத்தின் சுழல் தண்டான ஸ்பிண்டிலைக் கடைந்து வாங்க வருகிறவர்களில் பொறியியல் மாணவர் உண்டு, ஓய்வுபெற்ற அதிகாரி உண்டு, பரம்பரைத் தச்சரும் உண்டு. "எவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும்?" என்று கேட்பவர்தான் அபூர்வம். 24 அங்குலக் கட்டையை மாட்டப்போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்தப் பக்கம் இந்த ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் இரண்டு கை கோத்தாலும் அணைக்க முடியாத அடிமரங்கள் விறகு விலைக்குக் கிடைக்கின்றன. கடையில் விற்கும் சின்ன லேத்தில் அவை ஏறாது. ஏறுகிற லேத்தின் விலை லட்சக்கணக்கில் போகிறது. ஆகவே, நாமே கட்டிக்கொள்வோம் என்ற முடிவில் தவறில்லை.

தவறு வருவது எதைப் பார்த்துக் கட்டுகிறோம் என்பதில். நம் ஊரில் கண்ணுக்குத் தெரிகிற மர லேத் என்றால் கட்டில் கால், ஊஞ்சல் கம்பம், படிக்கட்டுக் கைப்பிடி கடைவதுதான். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் சாதாரண மோட்டாரை அப்படியே பெல்ட் போட்டு ஓட்டுவார்கள். 3 அங்குலக் கட்டில் கால் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் மேல்பரப்பு மணிக்கு 21 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே லேத்தில் 24 அங்குலக் கட்டையை மாட்டினால் விளிம்பு மணிக்கு 165 கிலோமீட்டரில் பறக்கிறது. சுற்று மாறவில்லை, விட்டம் எட்டு மடங்கானது, அவ்வளவுதான்.

அந்தக் கட்டையின் எடையையும் பாருங்கள். 24 அங்குல விட்டம், 8 அங்குலக் கனம், பச்சை மரம் என்றால் 50 கிலோவை நெருங்கும். புயலில் விழுந்த மரத்தில் ஒரு பக்கம் வைரம், ஒரு பக்கம் வெளிறு, நடுவே ஈரம். எடை சமமாக இருக்கவே இருக்காது. விளிம்பை ஒட்டி, நடுவிலிருந்து 25 செ.மீ. தள்ளி, அரைக் கிலோ கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சுற்றில் அது சுமார் 12 கிலோ விசையோடு லேத்தை வெளியே இழுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை. 600 சுற்றில் 50 கிலோ. 1440இல் 290 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்கு. லேத்தைத் தரையில் போல்ட் போட்டு முறுக்கிவிட்டேன் என்று தைரியம் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். லேத் நகராது, சரி. கட்டை அதைப் பிடித்திருக்கும் ஃபேஸ்பிளேட் என்ற இரும்புத் தட்டில் நிற்க வேண்டுமே.

கடைசல்காரர்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும். 24 அங்குலத்துக்கு அது 250 முதல் 375 சுற்று. இதுவும் கட்டை உருண்டையான பிறகுதான். முரட்டுக் கட்டையை முதலில் மாட்டும்போது 100, 120இல் தொடங்கி, அதிரும் இடம் வரை ஏற்றி, அங்கிருந்து கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும்.

1440 சுற்று மோட்டாரில் 3 அங்குலப் புல்லி, ஸ்பிண்டிலில் 12 அங்குலப் புல்லி போட்டால்கூட 360தான் கிடைக்கும். அதாவது தொடக்கமே மேல் எல்லையில். நடுவில் ஒரு கவுண்டர் ஷாஃப்ட், அதாவது புல்லிகள் மாட்டிய இடைத் தண்டு, வைத்து இன்னொரு மூன்று மடங்கு இறக்கினால் 120 வரும். அப்படி இறக்கிவிட்டால் 2 எச்.பி.யே தாராளம். அந்த நிலையில் உளி மரத்தில் சிக்கிக் கடித்தால் விளிம்பில் சுமார் 40 கிலோ இழுப்பு வரும். அதற்கு மேல் எதற்கு? பெல்ட்டையும் அளவாக இறுக்குங்கள். உளி கடிக்கும்போது பெல்ட் வழுக்குவது நல்லதற்குத்தான். சைக்கிள் செயின், பைக் செயின் போட்டுச் செய்கிறவர்கள் அந்த ஒரு பாதுகாப்பையும் கழற்றி எறிகிறார்கள்.

மின்சாரத்தின் அலைவெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவி போட்டால் புல்லியே வேண்டாமே என்பார்கள். வி.எஃப்.டி. வேகத்தைக் குறைக்கும், முறுக்குவிசையைக் கூட்டித் தராது. மிக மெதுவாக ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகி மோட்டார் காயும். புல்லியும் வேண்டும், வி.எஃப்.டி.யும் இருந்தால் வசதி. வீட்டு ஒற்றை ஃபேஸில் ஓடும் வி.எஃப்.டி. 230 வோல்ட் மூன்று ஃபேஸைத்தான் தரும். ஸ்டார், டெல்டா என்பவை மோட்டார் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள். ஸ்டாரில் கட்டிய 415 வோல்ட் மோட்டாரை டெல்டாவுக்கு மாற்றிக் கட்டாமல் இணைத்துவிட்டு, சக்தியே இல்லை என்று இன்னும் பெரிய மோட்டார் வாங்கியவர்களும் இருக்கிறார்கள்.

ஸ்பிண்டிலுக்குத் துறைமுகப் பக்கம் கழித்துப் போட்ட படகு ஷாஃப்டை மலிவாகக் கொண்டுவருகிறார்கள். அது வளைந்ததால்தான் கழித்திருப்பார்கள். வளைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்க்காமல் நான் அதைத் தொடுவதில்லை. என்னைக் கேட்டால், பழைய இரும்புக் கடையில் நல்ல நிலையில் உள்ள வேன் அல்லது சிறிய லாரியின் சக்கர ஹப் தேடச் சொல்வேன். டேப்பர் ரோலர் பேரிங் உள்ளேயே இருக்கிறது, எடை தாங்கவே பிறந்தது. ஒரு கார் 60 கிலோமீட்டரில் போகும்போது அதன் சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்றுச் சொச்சம்தான் சுற்றும், நமக்கு வேண்டியது அதற்கும் கீழே. ஃபேஸ்பிளேட்டை நேராக ஹப் போல்ட்டில் மாட்டலாம். மரை போட்ட ஸ்பிண்டிலில் வரும் தலைவலி, அதாவது திடீரென்று பிரேக் பிடித்தாலோ ரிவர்ஸில் ஓட்டினாலோ ஃபேஸ்பிளேட் கழன்று உருண்டு வருவது, இதில் இல்லை.

தனிக் கூட்டில் வரும் பேரிங்கான பில்லோ பிளாக்கில்தான் செய்வேன் என்றால் இரண்டு பேரிங்குக்கும் இடையே தாராளமாக இடைவெளி விடுங்கள். 30 செ.மீ. இடைவெளியில், முன் பேரிங்கிலிருந்து 15 செ.மீ. தள்ளி 50 கிலோ தொங்கினால் முன் பேரிங்கில் 75 கிலோ இறங்கும்.

உடம்புக்கு எடை சேர்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். 6 அங்குலச் சேனலைப் பெட்டியாக வெல்டிங் செய்து உள்ளே காய்ந்த மணலோ கான்கிரீட்டோ நிரப்பினால் அதிர்வு அடங்கும், செலவும் குறைவு.

கட்டையை ஃபேஸ்பிளேட்டில் பிடிக்கக் கறுப்பு டிரைவால் ஸ்க்ரூ போடவே கூடாது. அது சடக்கென்று ஒடியும். தடித்த மர ஸ்க்ரூ வேண்டும். சாலையோர மரம் என்றால் விளம்பரப் பலகை அடித்த ஆணி உள்ளே புதைந்திருக்கும், மேலே பட்டை மூடியிருக்கும். சின்ன மெட்டல் டிடெக்டர் இருந்தால் நல்லது. பழைய அரத்தைத் தீட்டி உளியாக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சின்னச் சொப்புக்கு ஓடும். 24 அங்குலக் கட்டை இழுத்தால் அரம் முகத்துக்கு நேராக உடையும்.

இனி சுவிட்ச். கட்டை கழன்றால் அது சுற்றும் தளத்தில்தான், அதாவது அதன் விளிம்புக்கு நேராகத்தான், பறக்கும். சுவிட்சைத் தொட அந்தத் தளத்தைக் கடந்து கை நீட்ட வேண்டிய லேத்துகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டை ஆடத் தொடங்கும்போது நிறுத்தப் போனவர்தான் அடி வாங்குவார். டெயில் பக்கம், அதாவது மோட்டாருக்கு எதிர் முனையில், முழங்கால் தட்டும் உயரத்தில் சிவப்புப் பொத்தான் வையுங்கள். வெறும் டம்ளர் சுவிட்ச் வேண்டாம், டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் போடுங்கள். கரண்டு போய்த் திரும்ப வந்தால் அதில் மோட்டார் தானாக ஓடாது. வி.எஃப்.டி.யிலும் ஆட்டோ ரீஸ்டார்ட்டை அணைத்து வையுங்கள். கரண்டு போன நேரத்தில் கட்டையின் மேல் கை வைத்துத் தடவிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான்.

கண்ணாடி மட்டும் போதாது, முழு முகக்கவசம். தூசிக்கு என்95. மரத்தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது, மூக்குக் குழியில் வருவது. லுங்கி, தோளில் துண்டு, கையுறை எதுவும் கூடாது. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பட்டறையில், இரவில் தனியாக லேத்தில் வேலை பார்த்த மாணவி ஒருவர் தலைமுடி சிக்கி இறந்தார். அது உலோக லேத், ஆனால் சுற்றுகிற தண்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நம் ஆட்கள் லேத் ஓட்டுவதும் பெரும்பாலும் வேலை முடிந்து வந்து ராத்திரியில்தான். வீட்டில் இருப்பவர்களைக் கொட்டகைக்கு அழைத்து, அந்தச் சிவப்புப் பொத்தானை ஓடும் லேத்தில் ஒருமுறை அவர்கள் கையாலேயே அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.