கிழிந்த தோல் ஏட்டுக்கு ஜோடி கண்டுபிடிப்பது எப்படி?

எகிப்தின் சோஹாக் நகருக்கு அருகே உள்ள வெள்ளை மடாலயத்து நூலகத்தின் ஏடுகள் உலகெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் அருமையானது போர்ஜியா பிரதி. லூக்கா, யோவான் நற்செய்திகளைக் கிரேக்கத்திலும், எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான காப்டிக்கிலும் எழுதிய 5ஆம் நூற்றாண்டு நூல். வத்திக்கான், பாரிஸ், நியூயார்க் என்று பிரிந்துபோனதால் கிரேக்கப் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளின் பட்டியலில் 029, 0113, 0125, 0139 என நான்கு எண்கள் பெற்றது. நான்கும் ஒரே நூல்தான்.

இப்படி ஒட்டுறவு கண்டுபிடிக்க, முதலில் தோலைப் பார்க்க வேண்டும். மயிர் இருந்த பக்கம் மஞ்சளாக, மயிர்க்கால் புள்ளிகளோடு இருக்கும்; சதைப் பக்கம் வெளுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். நூலைத் திறந்தால் எதிரெதிர்ப் பக்கங்கள் ஒரே வகையாக இருப்பதுதான் வழக்கம். மயிருக்கு எதிரே மயிர், சதைக்கு எதிரே சதை. பொருந்தவில்லை என்றால் இடையில் ஏடு தொலைந்திருக்கலாம்.

அடுத்தது எழுத்துக் கணக்கு. இருமொழி நூலில் இதுதான் சுவாரசியம். ஒரு மொழிக்கு எதிரே மற்றது வருவதால், ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் காப்டிக். ஆகவே ஒரு கிரேக்கப் பக்கம் என்றால் ஓர் ஏடு. வரிக்குச் சராசரி 11 எழுத்து, பத்திக்கு 30 வரி, பக்கத்தில் அருகருகே 2 நெடும்பத்தி என்று வைத்துக்கொண்டால் பக்கத்துக்கு 660 எழுத்து. இரு துண்டுகளுக்கு நடுவே நற்செய்தியின் கிரேக்க வாசகத்தில் 1,320 எழுத்து குறைந்தால் இரண்டு ஏடுகள் காணவில்லை. கணக்கு பிசகுவது பெரும்பாலும் திருப்பெயர்ச் சுருக்கத்தால். இயேசு என்ற 6 எழுத்துக் கிரேக்கப் பெயரை 2 எழுத்தாக்கி மேலே கோடு போட்டிருப்பார்கள். அதை முழுப் பெயராக எண்ணினால் விடை தப்பும்.

காப்டிக் பக்கத்தை அடையாளம் காண்பது எளிது. கிரேக்க எழுத்துகளோடு பழைய எகிப்திய எழுத்திலிருந்து வந்த 6 எழுத்துகள் இந்த நூலில் வரும் சகிதிக் என்ற காப்டிக் கிளைமொழியில் சேரும். ஒரு கிழிசலில் அவற்றில் ஒன்று தென்பட்டாலும் காப்டிக் என்று சொல்லிவிடலாம்.

மங்கிய மையைப் படிக்க ஒளி உதவும். மாசிக்காய், அன்னபேதி (இரும்பு சல்பேட்), வேலம் பிசின் கலந்து செய்த மையானால், புற ஊதா ஒளியில் தோல் ஒளிரும், எழுத்து கருக்கும். அகச்சிவப்பில், ஏறக்குறைய 1,000 நானோமீட்டரைத் தாண்டினால் அந்த மை மறையும். கரி மை கறுப்பாகவே நிற்கும். ஒரு துண்டில் மறைந்து, மற்றதில் நின்றால் இரண்டையும் ஜோடி சேர்க்கும் முன் மறுபடி தோலைப் பார்க்க வேண்டும்.