லேட்டன்சி: தமிழில் சுணக்கம்

மைக்கில் பாடியது ஹெட்போனில் திரும்பி வர ஆகும் நேரம், அல்லது பிளக்இன்னுக்குள் (ரெக்கார்டிங் மென்பொருளில் செருகிக்கொள்ளும், ஒலியை மாற்றும் சிறு நிரல்) நுழைந்த ஒலி மறுபக்கம் வெளியே வர ஆகும் நேரம்: ரெக்கார்டிங் வேலையில் லேட்டன்சி என்றால் இதுதான். பாடுபவர் மில்லிசெகண்டில் கேட்பார், பிளக்இன் எழுதுபவர் சாம்பிள் கணக்கில் பதில் சொல்வார். ஒலியை நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து வைப்பதில் ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள்.

சொல் லத்தீன். 'லாத்தேரே' என்றால் ஒளிந்திருத்தல். அதன் கிரேக்க உறவுச் சொல்லிலிருந்துதான் லாந்தனம் என்ற தனிமத்துக்குப் பெயர் வந்தது. சீரியம் ஆக்சைடுக்குள் ஒளிந்து கிடந்த அதை 1839-இல் சுவீடன் வேதியியலாளர் மொசாண்டர் கண்டுபிடித்தார். பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பமும் (இலங்கையில் மறைவெப்பம்) இதே வேரில் முளைத்த பெயர்தான். பனிக்கட்டி உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், தெர்மாமீட்டர் மட்டும் அசையாது.

ஒளிந்திருப்பது எப்படிக் காத்திருப்பதாக மாறியது? 19-ஆம் நூற்றாண்டில் உடலியங்கியலில், தூண்டியதற்கும் தசை அசைவதற்கும் நடுவே உள்ள நேரத்தைக் குறிக்க இந்தச் சொல் பயன்பட்டது. உள்ளே ஏதோ நடக்கிறது, வெளியே ஒன்றும் தெரிவதில்லை. கணினிக்கு வந்தபோது வெறும் காத்திருப்பு மட்டும் மிஞ்சியது. 1953-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 650-இன் நினைவகம் நிமிடத்துக்கு 12,500 முறை சுழலும் ஓர் உருளை. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு வந்து சேரச் சராசரியாக 2.4 மில்லிசெகண்ட் ஆகும். அதனால், ஒரு கட்டளை முடிகிற நேரத்துக்குச் சரியாக முனைக்கு வந்து சேரும் இடமாகப் பார்த்து அடுத்த கட்டளையை வைத்தார்கள். நேரத்தோடு செயலி மல்லுக்கட்டுவது அப்போதே தொடங்கிவிட்டது.

பிளக்இன்னில் இந்த மல்லுக்கட்டு பஃபர் அளவில் வந்து நிற்கிறது. பிளக்இன்னை ஓட்டும் ஹோஸ்ட் மென்பொருள் ஒலியை ஒவ்வொரு சாம்பிளாகத் தருவதில்லை, மொத்தமாக ஒரு பஃபரில் தருகிறது. 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள் வீதத்தில், 512 சாம்பிள் என்றால் 10.67 மில்லிசெகண்ட், 64 சாம்பிள் என்றால் 1.33. அந்தக் கெடுவுக்குள் எல்லாத் தடங்களின் (டிராக்) பிளக்இன்களும் வேலையை முடித்தாக வேண்டும். தவறினால் ஸ்பீக்கரில் 'படக்' என்று கேட்கும். ஆடியோ த்ரெட்டில் (நிரலில் ஒலியைக் கவனிக்கும் ஓட்டம்) நினைவகம் ஒதுக்காதே, காத்திருக்க வைக்கும் பூட்டுப் போடாதே, கோப்பைத் திறக்காதே என்று சொல்வதெல்லாம் இதற்காகத்தான். அவை எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

இதில் சராசரி சிபியு (செயலிச் சுமை) அளவைப் பார்த்து ஏமாறுவது சுலபம். ஹோஸ்ட் 64 சாம்பிளாகத் தருகிறது, உங்கள் கன்வலூஷன் ரிவெர்ப் (ஓர் அறையின் எதிரொலிப்புப் பதிவை ஒலியோடு சேர்க்கும் பிளக்இன்) 512 சேர்ந்த பிறகுதான், ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் ஃபூரியர் கணக்குப் போடுகிறது என்று வையுங்கள். ஏழு அழைப்புகள் சும்மா வாங்கி வைத்துக்கொள்ளும், எட்டாவது அழைப்பின் தலையில் மொத்தச் சுமையும் விழும். மீட்டர் 20 சதவீதம் காட்டும், ஒலி வெடிக்கும். அந்தக் கணக்கை அடுத்த எட்டு அழைப்புகளுக்குப் பங்கிட்டால் செயலி மூச்சு விடும், ஆனால் விடை இன்னும் 512 சாம்பிள் பிந்தும். 1995-இல் ஒலி ஆய்வாளர் வில்லியம் கார்ட்னர் காட்டிய வழி வேறு: அந்த எதிரொலிப்புப் பதிவின் முதல் துண்டை நேரடியாகக் கணக்கிட்டு, மீதியைப் போகப் போகப் பெரிதாகும் துண்டுகளாக வெட்டினார். உள்ளே வந்த சாம்பிள் காத்திருக்காமல் வெளியே போகும். அந்த முதல் துண்டுக்குக் கூடுதல் செயலி உழைப்பு வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வேரைப் பிடித்துக்கொண்டு 'மறைநிலை' என்றால் இயற்பியல் வகுப்புக்குத்தான் போய்ச் சேரும். 'தாமதம்' எல்லாருக்கும் தெரிந்த சொல். அதுவும் 'தமஸ்' என்ற இருட்டிலிருந்து வந்ததுதான், லத்தீன்காரனுக்கும் நமக்கும் ஒரே யோசனை போலிருக்கிறது. ஆனால் இந்தத் துறையில் டிலே என்று ஒரு விளைவு தனியாக இருக்கிறது. வேண்டுமென்றே ஒலியைப் பிந்தவைத்துத் திருப்பிக் கேட்க வைப்பது அது. தாமதத்தை அதற்கு விட்டுவிட வேண்டும். வேண்டாமலே வந்து ஒட்டிக்கொள்வதற்குச் சுணக்கம் பொருந்தும். சங்கப் பாடல்களின் சுணங்கு வேறு, அது தேமல். நம் சுணங்குதல் சோர்ந்து பிந்துவது. வினையாகவும் புழங்குவது இதில் பெரிய வசதி: 'இந்த லிமிட்டர் 240 சாம்பிள் சுணங்கும்.' (ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் பிளக்இன்தான் லிமிட்டர்.)

அப்புறம் லேட்டன்சி காம்பென்சேஷன். 'சுணக்க ஈடு' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடலாம். 5 மில்லிசெகண்ட் முன்னோக்கிப் பார்க்கும் லிமிட்டர், 48,000 ஹெர்ட்ஸில் தன் சுணக்கம் 240 சாம்பிள் என்று ஹோஸ்டிடம் அறிவிக்க வேண்டும். ஹோஸ்ட் மற்றத் தடங்களையும் 240 சாம்பிள் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக விடும். எண்ணைத் தப்பாகச் சொன்னால், ஒரே டிரம்மின் இரண்டு மைக் தடங்கள் ஒன்றையொன்று அரித்து, ஓசை குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பயனர் அமைப்பை மாற்றும்போது சுணக்கமும் மாறினால் அதையும் மறுபடி அறிவிக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

ஈடு செய்வது ஏற்கெனவே பதிந்த தடங்களுக்குத்தான் எடுபடும். இப்போது பாடிக்கொண்டிருப்பவரின் அடுத்த சாம்பிள் ஹோஸ்டிடம் கிடையாது. அதனால் பாடும் நேரத்தில் லிமிட்டர், லீனியர் ஃபேஸ் ஈக்யூ போன்ற சுணங்கும் பிளக்இன்களை எடுத்துவிட்டு, பஃபரை 64-க்கு இறக்கிப் பதிந்து, மிக்ஸிங்குக்கு வரும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்கிறார்கள்.