இளவயதில் பித்தக் கல் வந்தால் ஈரலையும் ஏன் பார்க்க வேண்டும்?

நாற்பது வயதுக்கு முன் ஒருவருக்குப் பித்தப்பையில் கல் கண்டால், கல்லை எடுத்ததோடு விட்டுவிடக் கூடாது. சிலரில் அந்தக் கல்லை உண்டாக்கிய பரம்பரையலகே ஈரலையும் மெல்ல மெல்லத் தழும்பாக்கிக்கொண்டிருக்கும். அந்தத் தழும்பு முற்றிய நிலைதான் ஈரல் சுருக்கம், அதாவது சிரோசிஸ்.

ஈரல் நாளொன்றுக்கு 600 முதல் 1000 மில்லிலீற்றர் வரை பித்தம் சுரக்கிறது. பித்தப்பை கொள்வதோ 30 முதல் 50 மில்லிலீற்றர்தான். அங்கே நீர் உறிஞ்சப்பட்டுப் பித்தம் பல மடங்கு தடிக்கிறது. பித்தத்திலுள்ள கொலஸ்திரோல் நீரில் கரையாது. பித்த உப்பும் லெசித்தின் என்ற கொழுப்பும் சேர்ந்து அதைச் சுற்றிப் பிடித்தால்தான் கட்டிபடாமல் ஓடும். இந்த மூன்றையும் ஈரல் கலத்திலிருந்து வெளியே தள்ள வெவ்வேறு புரதப் பம்பிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய பரம்பரையலகு இருக்கிறது.

கொலஸ்திரோலைத் தள்ளும் பம்பியின் ஒரு பாதியைச் செய்வது 2ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஏபிசிஜி8 என்ற பரம்பரையலகு. அந்தப் புரதத்தின் 19ஆவது இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடீன் இருந்தால் பித்தத்தில் கொலஸ்திரோல் மிகைப்படும். கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 2007இல் ஜேர்மன் ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் ஈரல் கலத்தைப் புண்படுத்துவது இதன் வேலையல்ல. சுவீடனில் 43,141 இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தபோது, நோவு தரும் பித்தக் கல்லில் பரம்பரையின் பங்கு 25 சதவீதமளவு என்று தெரிந்தது. மீதிக்கு உடல் எடை, சலரோகம், பிள்ளைப்பேறு, திடீரென உடல் மெலிதல் போன்றவை காரணம்.

கல்லையும் ஈரலையும் நேராக இணைப்பது 7ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ஏபிசிபி4. லெசித்தினைப் பித்தத்துக்குள் விடும் பம்பி இதுதான். பித்த உப்பு சவர்க்காரம் போலக் கொழுப்பைக் கரைக்கும். லெசித்தின் கூடவே இருந்தால்தான் அது பித்தக்கானின் சுவரைக் கரைக்காமல் இருக்கும். லெசித்தின் குறைந்தால் ஒரே நேரத்தில் இரண்டு கேடு: கொலஸ்திரோல் பளிங்காகிக் கல்லாகிறது, கான் சுவர் புண்பட்டுத் தழும்பாகிறது. இந்தப் பரம்பரையலகின் இரு பிரதிகளில் ஒன்று பழுதானவர்களுக்கு இளவயதிலேயே கல் வரலாம்; பித்தப்பையை எடுத்த பின்னும் நோவு திரும்பலாம்; ஈரலுக்குள் ஓடும் சிறு கான்களில் மணல் போன்ற துணிக்கைகள் ஸ்கானில் தெரியலாம். இந்த மூன்றில் இரண்டு பொருந்தினாலே, பரம்பரையலகுச் சோதனை இல்லாமலும் இந்நோய் என்று வைத்தியர் கருதலாம். அதற்கு அர்சோடிஒக்சிகோலிக் அமிலக் குளிசை உண்டு. விசேட வைத்தியர் எடையைப் பார்த்து அளவு குறிப்பார். இரு பிரதியும் மோசமாகப் பழுதானால் பிள்ளைப் பருவத்திலேயே ஈரல் சுருங்கத் தொடங்கும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இந்த இடத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியாக வருகிறது. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. ஆனால் மச்சானும் மச்சாளும் வேறு வேறு குடி என்பதால் அவர்களுக்குள் கலியாணம் நடக்கிறது. ஏபிசிபி4 குடியைப் பார்த்துப் போவதில்லை. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் ஒவ்வொரு பிரதியாக வருகிறது. மச்சான், மச்சாள் இருவருக்கும் பொதுவான கிழவி ஒருவருக்கு அம்மம்மா, மற்றவருக்கு அப்பம்மா. அவரிடம் பழுதான பிரதி ஒன்று இருந்தால், பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. இருவருக்கும் வந்திருந்து இருவரும் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு இரண்டு பழுதான பிரதியும் சேர மீண்டும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே கிளினிக்கில் குடும்ப வருத்தம் கேட்டால் தாய்வழியை மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம். தகப்பன் பக்கத்தில் யாருக்குக் கல் எடுத்தார்கள், யாருக்கு வயிற்றில் நீர் கட்டியது, எந்தப் பெண்ணுக்குக் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பு எதுவுமில்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன என்பதையும் வயதோடு எழுதிக்கொண்டு போங்கள். அந்த அரிப்பு ஏபிசிபி4 பழுதின் முக்கியமான அடையாளங்களில் ஒன்று.

தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயில் கதை வேறு. செங்குருதிக் கலங்கள் விரைவாக உடைவதால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் பெருகிக் கறுப்புக் கல்லாகிறது. அத்தோடு, ஏற்றும் ஒவ்வொரு பை குருதியிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. உடல் நாளொன்றுக்கு வெளியேற்றுவதோ 1 முதல் 2 மில்லிகிராம்தான். மிச்சம் ஈரலில் படிகிறது. இரும்பு நீக்கும் மருந்தை விட்டுவிட்டால் ஈரல் சுருங்கும்.

சுருங்கிய ஈரலும் தன் பங்குக்குக் கல்லை உண்டாக்கும். பித்த உப்பு குறைகிறது, வீங்கிய மண்ணீரல் குருதிக் கலங்களை உடைக்கிறது, பித்தப்பை சரியாகச் சுருங்குவதில்லை. மது தொடாதவரிலும் ஈரல் சுருங்கலாம். 22ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பிஎன்பிஎல்ஏ3 பரம்பரையலகின் ஒரு மாற்றம் ஈரலில் கொழுப்பைத் தேக்குகிறது என்பது 2008இல் தெரியவந்தது. சலரோகமும் வயிற்றுப் பருமனும் சேர்ந்தால் அதன் வேகம் கூடும்.

மேல்வயிற்று நோவு என்றால் பாமசியில் காஸ் குளிசை வாங்கிப் போடுவதே வழக்கம். கல்லின் நோவு அரை மணிக்கு மேல் விடாமல் நின்று, வலது தோள்பட்டைக்கு ஏறும். ஸ்கானுக்கு 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றோடு போங்கள். சாப்பிட்டிருந்தால் பித்தப்பை சுருங்கிக் கல் மறைந்துவிடும். ஈரலையும் அதற்குள் ஓடும் கான்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். குருதிப் பரிசோதனையில் சிறுதட்டு (பிளேட்லெட்) எண்ணிக்கை 150,000க்குக் கீழே இருந்தால், சத்திரசிகிச்சைக்குத் திகதி குறிக்கும் முன் ஈரலின் நிலையை அறிய வேண்டும். சுருங்கிய ஈரலோடு பித்தப்பையை எடுக்கும்போது குருதி பெருகும் ஆபத்து அதிகம். நோவு எதுவும் தராத கல்லைப் பெரும்பாலும் எடுக்கத் தேவையில்லை. நோவோடு காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் மஞ்சள் மூன்றும் சேர்ந்தால் பித்தக்கான் அடைபட்டுக் கிருமி ஏறியிருக்கிறது. செங்கமாரிக்கு மருந்து கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காமல், அன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ போய்விட வேண்டும்.