ஒரு வீட்டு ஓஎன்டி தெருவையே முடக்கும்போது

ஒரே தெருவில் பல வீடுகளுக்கு ஃபைபர் நெட் விட்டு விட்டு வருகிறது. டெக்னீஷியன் ஒளியின் வலிமையை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் பார்த்தால் மைனஸ் 20 டிபிஎம் (அந்த வலிமையின் அலகு), நல்ல அளவு. ரவுட்டரை மாற்றியும், பேட்ச் கார்டை (இணைக்கும் குட்டை ஃபைபர் வயரை) மாற்றியும் பலனில்லை. இப்படி ஒரு புகார் வந்தால் நான் முதலில் கேட்பது, பாதிக்கப்பட்ட வீடுகள் எல்லாம் ஒரே பான் போர்ட்டில், அதாவது ஆபரேட்டர் பக்கக் கருவியின் ஒரே இணைப்பில், இருக்கின்றனவா என்பதைத்தான்.

அந்த மீட்டர் காட்டுவது ஆபரேட்டர் பக்கக் கருவியான ஓஎல்டியிலிருந்து வீட்டுக்கு வரும் 1490 நானோமீட்டர் ஒளியை. கோளாறு பெரும்பாலும் எதிர்த்திசையில், வீட்டிலிருந்து போகும் 1310 நானோமீட்டரில் இருக்கிறது. ஜிபான் என்ற இந்த ஃபைபர் முறையில் 32 அல்லது 64 வீடுகள் ஒரே ஃபைபர் வழியாகத்தான் மேலே அனுப்புகின்றன. யார் எப்போது பேசலாம் என்று ஓஎல்டி 125 மைக்ரோவிநாடிக்கு ஒருமுறை நேரம் பிரித்துக் கொடுக்கிறது. தன் முறை வராதபோது, வீட்டிலுள்ள ஃபைபர் கருவியான ஓஎன்டியின் லேசர் அணைந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் அணையாமல் எரிந்தால் மற்ற எல்லோருடைய சிக்னலும் அதில் மூழ்கிப்போகும். இதை 'ரோக் ஓஎன்டி' என்போம். அதை வைத்திருக்கிற வீட்டுக்காரருக்கே இது தெரியாது.

கண்டுபிடிக்கும் வழி எளியது. சந்தேகமான ஓஎன்டியிலிருந்து ஃபைபரைக் கழற்றிவிட்டு, பவர் ஆனில் இருக்கும்போதே அதன் போர்ட்டில் மீட்டரை 1310-இல் வைத்துப் பாருங்கள். கீழ்நோக்கி வரும் ஒளி கிடைக்காத ஓஎன்டி, லேசரைப் போடவே கூடாது. மீட்டரில் ஒன்றிரண்டு டிபிஎம் காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது; போர்ட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம்.

ஓஎன்டி பழுதாகாமலும் இது நடக்கும். பழைய மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரை லேன் வயருக்கு மாற்றும் பெட்டி) பான் லைனில் செருகுகிறவர்கள் உண்டு. அது 1310 வகையாக இருந்தால், தன் முறைக்குக் காத்திருக்கத் தெரியாமல் ஓயாமல் ஒளியை அனுப்பிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர்களிடம் நான் மன்றாடிக் கேட்பது இதுதான்: ஆபரேட்டரிடம் கேட்காமல் எந்தக் கருவியையும் அந்த ஃபைபரில் மாட்டாதீர்கள்.

அடுத்தது கனெக்டர். பச்சை நிற ஏபிசி வகை கனெக்டரின் முனை 8 டிகிரி சாய்வு. திரும்பும் ஒளியை வெளியே தள்ளிவிடும். அதில் சாய்வில்லாத நீல நிற யுபிசி வகையைச் செருகினால் இடையில் இடைவெளி விழும், முனையும் கீறும். அதே ஃபைபரில் 1550-இல் கேபிள் டிவி ஓடினால், திரும்பி வரும் ஒளி படத்தையும் கெடுக்கும். செருகும் முன் ஒவ்வொரு முறையும் முனையைத் துடையுங்கள். புதுப் பேட்ச் கார்டானாலும் சரி.

ஆபரேட்டர்களுக்கு ஒன்று. ஒரு ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் எந்தக் கால் எந்த வீட்டுக்குப் போகிறது என்று பெட்டிக்குள்ளேயே எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொரு காலாகக் கழற்றிப் பார்க்கும் நாளில், எதைக் கழற்றியதும் மற்ற வீடுகள் சரியாயின, அது யாருடைய வீடு என்பது உடனே தெரிய வேண்டும்.