‘625’ என்னும் மாத்திரை: பாக்டீரியா எதிர்ப்புக் கூட்டு மருந்து – சொல் விளக்கம்

மதுரைக் கோரிப்பாளையத்திலும் மேலூர், உசிலம்பட்டி கடைவீதிகளிலும் உள்ள மருந்துக் கடைகளில் ‘அறுநூத்தி இருபத்தஞ்சு’ என்று எண்ணைச் சொல்லியே கேட்கப்படும் மாத்திரை ஒன்று உண்டு. அமாக்சிசிலின் 500 மில்லிகிராமும் கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராமும் சேர்ந்த கூட்டு மருந்து அது. மருத்துவர் அதை ‘ஆன்டிபயாட்டிக்’ என்கிறார். வாங்குபவர் ‘பவர் மாத்திரை’ என்கிறார். பாடநூலில் ‘உயிர் எதிர்ப்பொருள்’ என்றும் நாளிதழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்றும் காண்கிறோம். இவற்றுள் எது தகும் என்பதை, சொல் பிறந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

கிரேக்கத்தில் ‘ஆன்டி’ என்பது எதிர். ‘பயோஸ்’ என்பது உயிர்வாழ்வு. ஓர் உயிர் தான் பிழைக்க இன்னோர் உயிரை அழிக்கும் உறவுநிலையைக் குறிக்க, பிரான்சு நாட்டு அறிஞர் பால் வியூமென் 1889-இல் ‘ஆன்டிபயோஸ்’ என்ற சொல்லை ஆண்டார். அப்போது அது மருந்தின் பெயரன்று. 1940-களின் தொடக்கத்தில் மண்வாழ் நுண்ணுயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த செல்மன் வாக்ஸ்மன், ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளுக்கு ‘ஆன்டிபயாட்டிக்’ எனப் பெயரிட்டார். ஆகவே தொடக்கத்தில் இச்சொல் மருந்தின் பிறப்பையே சொன்னது, அதன் இலக்கை அன்று. பின்னர் ஆய்வகத்தில் திருத்தியும் முழுமையாகத் தொகுத்தும் செய்யப்பட்ட மருந்துகளும் அதே பெயருக்குள் வந்துவிட்டன.

தமிழுக்கு வருவோம். ‘உயிர் எதிர்ப்பொருள்’ என்பது மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. ஆனால் குருதியில் உடலே உண்டாக்கிக்கொள்ளும் ‘ஆன்டிபாடி’யையும் ‘எதிர்ப்பொருள்’ என்றே எழுதுவதால், மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள இடமுண்டு. ‘கிருமிநாசினி’ தரை கழுவும் திரவத்துக்கு உரியதாகிவிட்டது. ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ நன்றாக வேரூன்றிய சொல்தான்; எனினும் நுண்ணுயிர் என்றால் பாக்டீரியாவோடு பூஞ்சையும், பொது வழக்கில் வைரசும் அடங்கும். மழைக்காலத்துச் சளிக்கும் வைரசுக் காய்ச்சலுக்கும் இம்மருந்தைக் கேட்டு வாங்குவோரிடம், இது நுண்ணுயிரை எதிர்க்கும் மருந்து என்று சொன்னால், ‘அப்படியானால் இதையும் எதிர்க்குமே’ என்று அவர் எண்ணுவதில் தவறில்லை. எனவே நோயாளிக்கு எழுதும் இடத்திலேனும் ‘பாக்டீரியா எதிர்ப்பி’ என்று எழுதுவதே நேர் என்பது என் கருத்து. பாக்டீரியா என்பது பிறமொழிச் சொல் என்ற மறுப்பு எழலாம். ‘குச்சுயிரி’ என்ற ஆக்கம் இருந்தும் அதைச் சொன்னால் எவருக்கும் விளங்குவதில்லை என்பதால் அந்த மறுப்பை நான் பொருட்படுத்தவில்லை.

இனி ‘கூட்டு’. பென்சிலின் குடும்ப மருந்துகள் யாவற்றின் நடுவிலும் பீட்டா-லாக்டம் என்னும் வேதி வளையம் உண்டு; பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது அதுதான். அந்த வளையத்தை வெட்டிவிடும் நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. அப்படியொரு நொதி இருப்பதை ஆக்சுபோர்டில் பென்சிலினை ஆராய்ந்த ஆபிரகாம், செயின் இருவரும் 1940-இலேயே, பென்சிலின் பரவலான பயன்பாட்டுக்கு வருமுன்னரே, அறிவித்துவிட்டனர். கிளாவுலானிக் அமிலம் தானாகப் பாக்டீரியாவைக் கொல்லும் வலு மிகக் குறைந்தது. அது அந்த நொதியோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டு, தானும் அழிந்து நொதியையும் செயலறச் செய்கிறது; வெட்டுப்படாமல் தப்பும் அமாக்சிசிலின் தன் வேலையை முடிக்கிறது. இந்த அமிலத்தைத் தரும் மண் பாக்டீரியாவின் பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிளாவுலிஜெரஸ். இலத்தீனில் ‘சிறு தண்டாயுதம் ஏந்தியது’ என்று பொருள்படும். இரண்டும் சேர்ந்த மாத்திரை 1981-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது.

இவ்வகையை ‘மருந்துக் கலவை’ என்று சிலர் எழுதுகின்றனர். கலவை என்றால் அளவை நாம் கூட்டிக் குறைக்கலாம் என்று தோன்றும்; ஆகவே ‘நிலையளவுக் கூட்டு மருந்து’ என்பதே ஏற்றது. ‘நிலையளவு’ என்ற அடையை அலங்காரமாகக் கருத வேண்டாம். 375 என்னும் மாத்திரையில் அமாக்சிசிலின் 250, கிளாவுலானிக் அமிலம் 125. 625 கிடைக்காதபோது 375 இரண்டைப் போட்டுக்கொண்டால் அமாக்சிசிலின் 500 ஆகச் சரியாக இருக்கும். கிளாவுலானிக் அமிலமோ 250 ஆக இரட்டித்துவிடும், வயிற்றுப்போக்கும் கூடும். குழந்தைக்குப் பெரியவர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே ஒரு காரணம். குழந்தைக்கு எடையைக் கணக்கிட்டே அளவு எழுதப்படும்.

நாய்க்கடி, சீழ்பிடித்த பல், காதுச் சீழ், முகக்காற்றறை அழற்சி (சைனஸ்) போன்றவற்றில் மருத்துவர் தேவை கண்டு இதை எழுதுவதுண்டு. நாய்க்கடிக்கு இதைச் சாப்பிட்டதால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டாம் என்றாகாது. அந்நோய் வைரசால் வருவது. ‘எனக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்காது’ என்று பல்லாண்டாக அறிந்து வைத்திருப்பவர்கூட, அட்டையில் பென்சிலின் என்ற பெயர் இல்லாததால் இதை ஐயமின்றி விழுங்கிவிடக் கூடும். அமாக்சிசிலின் பென்சிலினின் குடும்பமே. தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் கண்டால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவரும், குருதி உறைவதைத் தடுக்கும் வார்பாரின், மூட்டுவாதம் போன்றவற்றுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றை உண்பவரும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

உணவு உண்ணத் தொடங்கும் வேளையில் இதை உட்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும், கிளாவுலானிக் அமிலமும் நன்கு உறிஞ்சப்படும். இந்த அமிலம் ஈரத்தில் கெடும் தன்மையது. மாத்திரைகளை அட்டையிலிருந்து முன்னதாகவே பிரித்து டப்பாவில் கொட்டி வைப்பது கூடாது. தண்ணீர் ஊற்றிக் கலக்கிய குழந்தை மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்து, அட்டைப்பெட்டியில் குறித்த நாளுக்குள், பெரும்பாலும் ஏழு நாளுக்குள், பயன்படுத்தி மீதியைக் கொட்டிவிட வேண்டும். மருத்துவர் சொன்ன நாள்வரை உண்பதும், மிஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கோ அடுத்த வீட்டுக்காரருக்கோ எடுத்து வைக்காமையும் வேண்டும். அட்டையின் ஓரத்தில் செங்குத்தாக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது என்பதன் குறி.

அரிதாக இம்மருந்து பித்தம் வடிவதைத் தடுத்து மஞ்சள் காமாலையை உண்டாக்கும். முதியவர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், இது கூடுதல். மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துக்கூட அது தலைகாட்டுவதால், கண் மஞ்சளித்தவுடன் கீழாநெல்லி தேடிப் போகிற நம் பக்கத்து வழக்கத்தில், சென்ற மாதம் சாப்பிட்ட மாத்திரை யார் நினைவுக்கும் வருவதில்லை. மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும்; ஒருமுறை இதனால் காமாலை கண்டவருக்கு மறுமுறை இம்மருந்தைக் கொடுக்கலாகாது.