முற்றாத எலும்பும் 85 பந்துகளும்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடும் பையனுக்கு முழங்கை வலித்தால் வீட்டில் முதலில் அடிபடும் பெயர் டாமி ஜான். 1974-இல் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சரான (பந்து வீசுபவர்) அவருக்கு இடது முழங்கையின் உள்பக்கத் தசைநார், அதாவது எலும்பை எலும்போடு பிணைக்கும் நார், கிழிந்துபோனது. டாக்டர் ஃபிராங்க் ஜோப் வலது கையிலிருந்து ஒரு தசைநாணை (தசையை எலும்போடு பிணைப்பது) எடுத்து அந்த இடத்தில் பொருத்தினார். 1976-இல் களத்துக்குத் திரும்பிய ஜான் 1989 வரை வீசினார். பிரமாதமான கதைதான். ஆனால் பதினொரு வயதுப் பையனின் வலிக்கும் அதற்கும் பெரும்பாலும் சம்பந்தமே கிடையாது.

பந்தை வீசக் கை பின்னால் சாய்ந்து, சட்டென்று முன்னே திரும்பும் கணத்தில் தோள் முந்திக்கொள்ளும், முன்கை பின்தங்கும். முழங்கையின் உள்பக்கம் விரியப் பார்க்கும், வெளிப்பக்கம் நெரிபடும். தேர்ந்த பிட்சரிடம் இந்த முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர் வரை போகிறது. தசைநார் தனியாகத் தாங்கக்கூடியது ஏறக்குறைய இதில் பாதி. மீதிச் சுமையில் பெரும்பங்கு முன்கைத் தசைகளுடையது. (கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கையை 15 டிகிரிக்கு மேல் நீட்டக் கூடாது. அதனால் அங்கே இளம் வேகப்பந்து வீச்சாளர்களை அதிகம் படுத்துவது முதுகெலும்பு.)

அந்தத் தசைநாரும் தசைகளும் பற்றியிருப்பது முழங்கையின் உள்பக்கத்தில் புடைத்து நிற்கும் எலும்பு முனையை. சிறுவர்களுக்கு அது மேல்கை எலும்போடு இன்னும் ஒட்டியிருக்காது. நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கும். அது எலும்பாக மாறி இணைய 15 வயதுக்கு மேல்கூட ஆகலாம். ஈர மண்ணில் ஊன்றிய முளையில் மாட்டைக் கட்டினால் கயிறு அறுவதில்லை, முளைதான் பிடுங்கிக்கொண்டு வரும். இங்கேயும் தசைநார் தாக்குப்பிடிக்க, தட்டு நெகிழ்ந்து விலகுகிறது. 1960-லிருந்து இதற்கு, சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் பெயரால், 'லிட்டில் லீக் எல்போ' (முழங்கை) என்று பெயர்.

டாக்டர் அந்தப் புடைப்பை விரலால் அழுத்துவார். பையன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வான். முழங்கை முழுதாக நீள்கிறதா என்றும் பார்ப்பார். அப்புறம் எக்ஸ்ரே. வலிக்காத கையையும் சேர்த்து எடுப்பது உதவும். தட்டில் இடைவெளி இருப்பது அந்த வயதில் இயல்பு என்பதால், வீசும் கையில் அது கூடுதலாக அகன்றிருக்கிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கலாம். அதனால் வலி பொய்யாகிவிடாது.

வலி வெளிப்பக்கம் என்றால் கவலை அதிகம். நெரிபட்டு நெரிபட்டு மூட்டுக் குருத்தெலும்பின் அடியில் உள்ள எலும்பு சிதைந்து, துண்டு கழன்று மூட்டுக்குள் சிக்கிக்கொள்ளலாம். கை பாதியில் மாட்டிக்கொள்கிறது என்று பையன் சொன்னால் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது.

உள்பக்க வலிக்கு முக்கியமான வைத்தியம், வீசாமல் இருப்பது. பொதுவாக நாலிலிருந்து ஆறு வாரம். பையன்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை. மாத்திரை போட்டு வலியை மறைத்துக்கொண்டு வீசுவது ஆபத்து, எலும்பு முனையே பிய்ந்து வரலாம். அது வெகுவாக விலகிவிட்டால் திருகாணி போட்டு இறுக்க வேண்டியிருக்கும். வலி போன பிறகு தோள், இடுப்புத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்து, குறைந்த தூரம், குறைந்த வேகம் என்று படிப்படியாக வீச விடுவார்கள்.

பயிற்சியாளர்கள் பலர், சுழற்றி வீசி வளைந்து போகும் 'கர்வ்பால்' மீது பழி போடுவார்கள். ஆனால் ஆய்வகத்தில் அளந்தபோது, நேர்வேகப் பந்து முழங்கைக்குத் தரும் சுமை அதற்குக் குறைந்ததாக இல்லை. எத்தனை பந்து, எவ்வளவு ஓய்வு என்பதுதான் என் கணக்கில் பெரிய விஷயம். களைத்த கையோடு அடிக்கடி வீசியவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு பல மடங்கு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லிட்டில் லீக் 2007-இல் பந்துகளை எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதுக்கு நாளொன்றுக்கு 85 பந்து. 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நாலு நாள் ஓய்வு. 41 பந்தோ அதற்கு மேலோ வீசியவன் அன்று கேட்சராகவும் (மட்டையாளருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) உட்காரக் கூடாது, ஏனென்றால் கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிந்தாக வேண்டும்.

ஓட்டை எங்கே என்றால், அதே பையன் வார இறுதியில் வேறொரு கிளப்புக்கும் வீசுவான். அங்கே போட்டதை இந்த நோட்டுப் புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்க முடிந்தவர்கள் காரில் கூட்டிப்போகும் அப்பா அம்மாதான்.